கேளாமல் தீர்ப்பளிக்கலாமா?

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் நினைவில் நிற்பவர்கள் பெரும்பாலும் சிறப்பாகப் படித்துத் தேறிய மாணவர்களே. எனக்கோ படிப்பை முடிக்காமல் போன ஒரு மாணவரின் முகமே அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளிபாளையம் பகுதியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து பொருளியல் படித்தவர் அவர். மூன்றாம் ஆண்டில் அவரது வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது. தேர்வு எழுதத் தகுதியற்றோர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துத் துறைத் தலைவர் என்ற முறையில் நான் கையொப்பமிட்டேன்.

தந்தை நோயுற்றுப் படுத்துவிட்டதால், இரவு முழுவதும் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வர இயலாமல் தவித்திருக்கிறார். இதனை அவருடைய வகுப்புத் தோழர்கள் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். தக்க காரணம் இருந்தால் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள விதியிலேயே வழி இருந்தது. ஆனால், நான் காரணம் கேட்கவில்லை. என்னைக் கேளுங்கள் என்று அவரும் கோரவில்லை. அப்படிக் கோரலாம் என்பதே அவருக்குத் தெரியாது. அதன் பிறகு அவர் கல்லூரிக்குத் திரும்பவே இல்லை.

ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் அடிப்படை. இந்த நீதி மாணவர்களுக்கும் உண்டு என்பது நம் நாட்டில் 1962-இலேயே உறுதியாகிவிட்டது. தேர்வில் முறைகேடு செய்ததாகக் கூறி மூன்று மாணவர்களின் தேர்ச்சியை உத்தரப் பிரதேசக் கல்வி வாரியம் ரத்து செய்தது. அவர்களிடம் விளக்கமே கேட்கவில்லை. கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், மாணவரின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் குழு, அவருக்குத் தன் தரப்பைக் கூற வாய்ப்பளித்தே ஆக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1961-இல், அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. கறுப்பின மாணவர்கள் சிலர், வெள்ளையருக்கு மட்டுமே உணவளித்த சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து அறவழியில் போராடினர். அவர்களை விசாரணையின்றி அலபாமா மாநிலக் கல்லூரி நீக்கியது. குற்றச்சாட்டைத் தெரிவிக்காமலும் விளக்கம் கேளாமலும் அரசுக் கல்லூரி ஒன்று மாணவரை நீக்க முடியாது என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'மாணவர் நீதிமன்றம்' என்ற அமைப்பும் உண்டு. மாணவர் பேரவையின் சட்டதிட்டங்களுக்கு விளக்கம் கூறுவது, பேரவைத் தேர்தல் வழக்குகளைத் தீர்ப்பது, சில இடங்களில் வாகன நிறுத்த அபராதத்துக்கு எதிரான முறையீட்டைக் கேட்பது ஆகியன அதன் பணிகள். அங்கே நீதிபதிகளும் மாணவர்களே. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842-இல் தோன்றிய நன்னெறி முறை இதைவிடப் பழைமையானது. பொய், களவு, தேர்வில் ஏமாற்றுதல் ஆகிய குற்றச்சாட்டுகளை அங்கு மாணவர்களே விசாரிக்கின்றனர். நெடுங்காலமாக அதில் ஒரே தண்டனைதான் இருந்தது. அது பல்கலைக்கழகத்திலிருந்து நிரந்தரமாக நீக்குவது. அத்தண்டனை மிகக் கடுமையானது என்று 2022-இல் வாக்களித்து மாற்றியவர்களும் மாணவர்களே. நீதி வழங்கும் பொறுப்பை இளைஞர்களிடம் ஒப்படைத்தால், தங்கள் நீதி முறையைத் தாங்களே திருத்திக்கொள்ளும் பக்குவமும் அவர்களுக்கு வரும் என்பதற்கு இது சான்று.

இவையெல்லாம் மேலைநாட்டுச் செய்திகள், நமக்கு எங்கே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நம் கல்லூரிகளிலும் ஏறத்தாழ ஒரு சிறு நீதிமன்றம் சட்டப்படி இருக்கிறது. பெரும்பாலான மாணவர்களும் பெற்றோரும் அதனை அறியவில்லை என்பதே வேதனை.

மாணவர் குறைதீர்ப்புக்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு முதலில் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளாக வகுத்தது. அவை 2019-இல் மாற்றப்பட்டன. துறைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று எனக் குழுக்கள் பெருகியதால் அந்த ஏற்பாடு சிக்கலாயிற்று. அதனை எளிமைப்படுத்தி 2023 ஏப்ரலில் வெளியான புதிய விதிமுறைகளே இப்போது நடைமுறையில் உள்ளன. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கென அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமமும் 2019-இல் இத்தகைய விதிகளை வகுத்திருக்கிறது.

2023 விதிமுறைகளின்படி ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர். மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர்கள். இவர்களுள் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது பட்டியலினத்தவராகவோ பழங்குடியினராகவோ பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினராகவோ இருக்க வேண்டும். இவர்களது பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள். படிப்பிலோ விளையாட்டிலோ பிற செயற்பாடுகளிலோ சிறந்து விளங்கும் மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக ஓராண்டுக்கு நியமிக்கப்படுவார்.

எவற்றையெல்லாம் குறையாக முறையிடலாம் என்பதை விதிமுறைகள் பட்டியலிடுகின்றன. தகுதி வரிசையை மீறிய சேர்க்கை, இடஒதுக்கீட்டை மீறுதல், தகவல் குறிப்பேட்டில் கூறியதைவிடக் கூடுதலாகப் பணம் கேட்பது, சேர்க்கையை விட்டு விலகியவருக்கு உரிய கட்டணத்தைத் திருப்பித் தராமல் இருப்பது, உதவித்தொகையை நிறுத்துவது அல்லது தாமதிப்பது, தேர்வையும் முடிவையும் காலம் தாழ்த்துவது, வெளிப்படையற்ற மதிப்பீடு, பாகுபாடு, வாக்களித்த வசதிகளைச் செய்து தராமை ஆகியன அதில் அடங்கும். நிறுவனம் தன் சொந்த விதிகளையே மீறுவதும் முறையிடத்தக்க குறையே. பணத்தைக் கட்ட வைப்பதற்காக மூலச் சான்றிதழைத் தராமல் பிடித்து வைத்துக்கொள்வதும் இப்பட்டியலில் தெளிவாக இடம்பெற்றுள்ளது.

விசாரணைக்குக் கால வரையறையும் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யும் வசதி இருக்க வேண்டும். இயற்கை நீதி நெறிகளைப் பின்பற்றி விசாரிக்கும் குழு, புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் தன் அறிக்கையை நிர்வாகத்துக்கு அளிக்க முயல வேண்டும். அதன் நகல் புகாரளித்த மாணவருக்கும் தரப்பட வேண்டும். அம்முடிவில் நிறைவில்லாத மாணவர், அது கிடைத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். நேரில் தோன்றி வாதிடலாம்; தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம்.

குறைதீர்ப்பாளராக ஓய்வுபெற்ற துணைவேந்தர், அனுபவமிக்க ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் மாவட்ட நீதிபதி ஆகியோருள் ஒருவரைப் பல்கலைக்கழகம் நியமிக்க வேண்டும். மேல்முறையீட்டை 30 நாட்களுக்குள் தீர்க்க அவர் முயல வேண்டும். ஆணைக்கான காரணங்களையும் எழுத்தில் தர வேண்டும். இணைவுபெற்ற கல்லூரிகளின் மாணவர்களுக்கும் அவரே மேல்முறையீட்டு அதிகாரி. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளுக்காக 1997-இல் தோற்றுவிக்கப்பட்டது பெரியார் பல்கலைக்கழகம். இத்தகைய ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பதவி எத்தனை ஆயிரம் மாணவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக அமைகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு வரம்பும் உண்டு. விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யுமாறு குறைதீர்ப்பாளரிடம் கோர முடியாது. ஆனால், தேர்வின் முடிவையே பாதித்த முறைகேட்டையும் பாகுபாட்டையும் அவரிடம் கொண்டுசெல்லலாம். தன் விடைத்தாளைப் பார்க்க விரும்பும் மாணவருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் 2011-இல் உச்சநீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்தது.

ஏட்டளவில் இவ்வளவும் இருந்தும் நடைமுறையில் என்ன காண்கிறோம்? நான் உறுப்பினராக இருந்த குழு ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளில் வந்த புகார்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அவையும் குடிநீர், கழிப்பறை, பேருந்து நேரம் பற்றியவை. கட்டணம் பற்றியோ அகமதிப்பீட்டு மதிப்பெண் பற்றியோ ஒரு புகாரும் இல்லை. தர மதிப்பீட்டுக்கு வரும் வல்லுநர் குழுவிடம் காட்டுவதற்காக 'புகார்கள் ஏதுமில்லை' என்று ஆவணத்தில் எழுதப்பட்டது. அதனை எங்கள் கல்லூரியின் சிறப்பாகவே அனைவரும் கருதினோம். ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் குறையே இல்லை என்றால், குறை இல்லை என்று பொருளல்ல. குறை சொல்ல வழியில்லை என்றே பொருள். இது எனக்குப் பிந்தித்தான் புலப்பட்டது.

மாணவர்கள் ஏன் முறையிடுவதில்லை? பொருளியல் இதற்கு ஒரு விடை தருகிறது. ஒரு நிறுவனத்தின் சேவை சரிந்தால் அதன் பயனாளர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர். ஒன்று வெளியேறுவது, மற்றொன்று குரல் எழுப்புவது. 1970-இல் வெளியான தம் நூலில் இதனை அவர் விளக்கினார். கடையில் வாங்கிய பொருள் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். அங்கே குரலுக்குத் தேவையில்லை. கல்லூரி மாணவர் அவ்வாறு போக முடியாது. செலுத்திய கட்டணம் போகும். கழிந்த ஆண்டுகள் போகும். மூலச் சான்றிதழும் கல்லூரியின் அலமாரியில் இருந்தால், வெளியேறும் வாயில் முற்றாகவே அடைபட்டுவிடுகிறது. வெளியேற வழியில்லாதவருக்குக் குரல் ஒன்றுதான் துணை.

அந்தக் குரலுக்கும் விலை இருக்கிறது. புகார் கொடுக்கும் மாணவர் அகமதிப்பீட்டு மதிப்பெண் குறையுமோ, செய்முறைத் தேர்வில் பழிவாங்கப்படுவோமோ, நற்சான்று கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சுகிறார். புகார் வெற்றி பெற்றால் அதன் பயன் அவருக்கு மட்டுமன்று, அடுத்தடுத்து வரும் எல்லா மாணவர்களுக்கும் கிடைக்கும். பயன் பலருக்கு, செலவு ஒருவருக்கு என்றால், எவரும் முன்வரமாட்டார்கள் என்பது பொருளியலின் பாலபாடம். ஆகவே, மாணவர்களுக்குத் துணிவில்லை என்று குறை கூறுவதில் பயனில்லை. முறையிடுவதற்கான செலவைக் குறைப்பதே நாம் செய்ய வேண்டியது.

இந்தச் செலவு நம் சேலம், நாமக்கல் பகுதியில் இன்னும் கூடுதல். லாரி ஓட்டுநர், விசைத்தறித் தொழிலாளி, கோழிப்பண்ணைப் பணியாளர், ஜவ்வரிசி ஆலைக் கூலி எனப் பல குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகின்றனர். முதல்வர் அறைக்குள் சென்று பேசத் தெரிந்த உறவினர் ஒருவரும் இவர்களுக்கு இல்லை. சான்றிதழ் கேட்டுச் செல்லும் தந்தை, "அடுத்த வாரம் வாங்க" என்ற ஒற்றைச் சொல்லில் திரும்பி விடுகிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. மகளுக்கோ வேலையில் சேர வேண்டிய நாள் கடந்து போகிறது. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு திரும்பத் திரும்ப அறிவுறுத்தியிருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றமும் மாணவர்களுக்குச் சான்றிதழ்களைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டிருக்கிறது. ஆயினும், சென்னைக்குச் சென்று வழக்குத் தொடுக்க எத்தனை பேரால் இயலும்? உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டிய தேவையைத் தவிர்ப்பதற்காகத்தானே கல்லூரியிலேயே ஒரு குழு அமைக்கப்பட்டது?

பல்கலைக்கழகங்களும் இதில் அக்கறை காட்டவில்லை. விதிமுறைகள் வெளியாகி ஓராண்டுக்கு மேலான பின்பும், 2024 ஜூனில், குறைதீர்ப்பாளரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிட வேண்டியிருந்தது. அவற்றுள் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள்; 47 தனியார்; 2 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். மேல்முறையீட்டு நீதிபதியே இல்லாத நீதிமன்றத்தில் கீழமைக் குழு எப்படி அஞ்சி நடக்கும்?

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. குழுவின் தலைவரும் உறுப்பினர்களும் ஆசிரியர்கள். பெரும்பாலும் அதே நிர்வாகத்திடம் ஊதியம் பெறுபவர்கள். சுயநிதிக் கல்லூரியில் பணிப் பாதுகாப்பற்ற ஓர் ஆசிரியர், நிர்வாகம் வசூலித்த கட்டணம் தவறு என்று எழுதுவார் என எதிர்பார்ப்பது பேராசை. மாணவப் பிரதிநிதியோ சிறப்பு அழைப்பாளர் மட்டுமே. கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில்கூட அவர் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அவரைத் தேர்ந்தெடுப்பது மாணவர்களும் அல்லர்.

மாணவர்கள் தீர்ப்பில் பங்கேற்கும் பக்குவம் இல்லாதவர்கள் என்று சிலர் வாதிடக்கூடும். நம் நாட்டு விதிகளே அவ்வாறு கருதவில்லை. பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகப் புகார் குழுவில், மாணவர் தொடர்புடைய விசாரணைகளில் மூன்று மாணவர்கள் உறுப்பினர்களாக இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் கூறுகின்றன. மாணவர் பேரவைத் தேர்தல் குறித்து லிங்டோ குழு அளித்த பரிந்துரைகளை 2006-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. அவற்றின்படி தேர்தல் குறைதீர்ப்புப் பிரிவில் இறுதியாண்டு மாணவர் ஒருவரும் மாணவி ஒருவரும் உறுப்பினர்கள். மிகுந்த கவனமும் ரகசியக் காப்பும் வேண்டப்படும் பாலியல் புகாரில் மாணவரை நம்பலாம், தேர்தல் வழக்கிலும் நம்பலாம், கட்டணப் புகாரில் மட்டும் நம்பக் கூடாது என்பது என்ன நியாயம்?

பொய்ப் புகார்கள் பெருகிவிடும், கல்லூரியில் அரசியல் நுழைந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. பொய்யான அல்லது அற்பமான புகார் என்று கண்டால் புகார்தாரர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கக் குறைதீர்ப்பாளருக்கு இப்போதே அதிகாரம் இருக்கிறது. குறைகளைக் கேட்க ஒரு மன்றம் இருக்கும் இடத்தில் அமைதி நிலவும்; அது இல்லாத இடத்தில்தான் வாயில் முற்றுகையும் வகுப்புப் புறக்கணிப்பும் நிகழும். நிர்வாகங்களுக்கும் இது இழப்பன்று, காப்பே.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, குழுவின் உறுப்பினர் பெயர்கள், புகார் அளிக்கும் முறை, கால வரையறை, குறைதீர்ப்பாளரின் முகவரி ஆகியவற்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, சேர்க்கையின்போது மாணவரிடமும் பெற்றோரிடமும் தர வேண்டும். இரண்டாவதாக, குழுவில் இரண்டு மாணவர்களையாவது முழு உறுப்பினர்களாக்க வேண்டும். அவர்களை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விதிமுறை திருத்தப்படும் வரை, அழைப்பாளரையேனும் மாணவர்களைக் கொண்டு தேர்ந்தெடுக்க எந்த முதல்வருக்கும் தடையில்லை. மூன்றாவதாக, மாணவரின் பெயரை மறைத்து, என்ன புகார், என்ன முடிவு, எத்தனை நாளில் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முந்தைய முடிவுகளைப் படித்தால்தான் அடுத்த மாணவருக்கு நம்பிக்கை பிறக்கும். நான்காவதாக, ஓசூரிலோ கொல்லிமலையிலோ வசிக்கும் மாணவர் மேல்முறையீட்டுக்காகச் சேலத்துக்கு அலையாமல், காணொலி வழியாகவோ மாவட்டத் தலைநகர் முகாம்களிலோ குறைதீர்ப்பாளர் விசாரிக்க வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2004-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் அடிப்படையில், பல்கலைக்கழகங்களைச் சாராத தனி அமைப்பு ஒன்று மாணவர் புகார்களைக் கட்டணமின்றி விசாரிக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான அத்தகைய அமைப்பை மாநில அளவில் தமிழ்நாடு உருவாக்குவது குறித்தும் சிந்திக்கலாம். தான் விசாரிக்கும் நிறுவனத்தாலேயே நியமிக்கப்படும் குறைதீர்ப்பாளர் என்ற சங்கடம் அதனால் நீங்கும்.

மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி கட்டியதைப் பெருமையுடன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த மணியின் சிறப்பு அது இருந்ததில் மட்டுமில்லை. வாயில்லாத பசுவுக்கும் எட்டும் இடத்தில் தொங்கியதில் இருக்கிறது. நம் கல்லூரிகளிலும் மணி கட்டியாயிற்று. அதன் கயிறுதான் உத்தரத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

பள்ளிபாளையத்து மாணவர் இன்று நாற்பது வயதைக் கடந்திருப்பார். அவருடைய பிள்ளை இந்நேரம் கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் பெயர் ஏதேனும் ஒரு பட்டியலில் சேர்க்கப்படும் நாளில், கையொப்பமிடும் ஆசிரியர் பேனாவை எடுக்கும் முன், "என்ன காரணம்?" என்று ஒரு சொல் கேட்க வேண்டும். கேளாவிட்டால், "என்னைக் கேளுங்கள்" என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.